கழிவுப் பலகையில் ஒரு பெயர்

போன கிழமை, ஒரு கைத்தறி நெசவுச்சாலையில் புதிதாக மேற்பார்வைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளை ஒருத்தி எனக்கு அழைப்பெடுத்தாள். கெட்டிக்காரி, வேலையில் ஆர்வம் உள்ளவள். "மிஸ், நூல் வீணாகிறதுக்கு நாங்க ஒரு வழி கண்டுபிடிச்சிட்டம். ஒவ்வொருத்தரிட கழிவையும் தனித்தனியா நிறுத்து, ஆர் கூட வீணாக்கினதெண்டு பேரோட சுவரில ஒட்டப் போறம்" என்றாள். நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் அவளை நன்றாக ஏசிவிட்டேன்.

அந்தக் கோபம் அவளுக்கு உரியது அல்ல. அது எனக்குள் எப்போதோ தங்கிவிட்ட கோபம். அது எங்கிருந்து வந்தது என்பதை அவளுக்கும், அவளைப்போல் இப்போது தறிச் சாலைகளில் பொறுப்பெடுக்கும் உங்களுக்கும் எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. கழிவைக் குறைக்கும் முறைகளைப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவார்கள். அங்கே சொல்லித்தராத ஒன்றைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

கொட்டாஞ்சேனையில் பழைய கொப்பராக் கிட்டங்கி ஒன்றில் எங்கள் நெசவுச்சாலை இருந்தது. கீழே சாயத் தொட்டிகளும் நூல் களஞ்சியமும், மேல்மாடியில் தறிகள். நெய்த துணி வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த கடைக்குப் போகும். சாலையும் கடையும் ஒரே அம்மாவுக்குச் சொந்தம். எல்லோரும் அவரை மேடம் என்போம். கணவர் இறந்த பிறகு தனியாக இரண்டையும் நடத்தியவர், நல்ல மனுஷி. ஆனால் கடைக்கு மேல்தான் அவர் வீடு என்பதால் கொட்டாஞ்சேனைப் பக்கம் வருவது அருமை. சாலையை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஜிந்துப்பிட்டியிலிருந்து காலையில் நடந்தே போய்விடுவேன்.

நான் சொல்வது நாடே வரிசையில் நின்ற காலம். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. எங்களுக்கு நூல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அது வரவில்லை. இடையிடையே யாராவது கொண்டுவந்து தந்த நூலும் தரமில்லாதது, இழுத்தால் அறுந்தது. அந்த நேரத்தில்தான் மேடம் தன் பெறாமகனை, தமக்கையின் மகனை, மனேஜராகக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் முகாமைத்துவம் படித்துவிட்டு வந்தவர். படிப்பை நான் குறைசொல்ல மாட்டேன். நானும் டிப்ளோமா படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். அவருக்கு அந்தச் சாலை மூடிப்போய்விடும் என்ற பயம் உண்மையாகவே இருந்தது. அந்தப் பயத்தையும் நான் குறைசொல்ல மாட்டேன். பயந்த மனிதன் யார்மேல் கைவைத்தான் என்பதுதான் என் கேள்வி.

வந்து சில நாட்களிலேயே மேல்மாடி வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. ஒவ்வொரு தறிக்கும் பக்கத்தில் ஒரு கூடை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கூடைகளை நிறுப்பார்கள். யாருடைய கூடை பாரம் கூடவோ அவருடைய பெயர் பலகையில் முதலில், சிவப்பு மையில். முதல் கிழமை முதலில் இருந்த பெயர் கிறிஸ்டீன். அடுத்த கிழமையும் கிறிஸ்டீன். அதற்கடுத்த கிழமையும் அவள்தான்.

கிறிஸ்டீன் எங்கள் சாலையின் மிகச் சிறந்த நெசவுகாரி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, கலியாணம் முடித்து வத்தளைக்குப் போனவள். நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் வந்து போவாள். வாய்க்காரி. நூல் சரியில்லை என்றால் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, எல்லோருக்கும் கேட்கக்கூடியதாகச் சொல்லுவாள். புது வடிவம் எதுவானாலும் மாதிரித் துணியை அவள் தறியில்தான் போடுவோம். வேறு யாருக்கும் அந்தப் பொறுமையும் கையும் இல்லை.

அவள் கூடை ஏன் பாரமாக இருந்தது என்பது இங்கேதான் இருக்கிறது. தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டும் நூலைப் பாவு என்கிறோம். எவ்வளவு கெட்டிக்காரி நெய்தாலும் பாவை முடிவுவரை நெய்ய முடியாது, வழக்கமாக ஒரு முழம் மிஞ்சும். அது தறிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். வெட்டித்தான் எறியவேண்டும். நீளப் பாவு போட்டால் நாட்கணக்கில் நெய்து ஒரு துண்டுதான் வெட்டுவீர்கள். மாதிரிக்கென்று குட்டிப் பாவு போட்டால், நெய்யத் தொடங்குவதற்குள் வெட்ட வேண்டியதாகிவிடும். கிறிஸ்டீன் தறியில் முழுவதும் குட்டிப் பாவுகள். அதைப் போடச் சொன்னது கந்தோர், அதாவது எங்கள் அலுவலகம். நிறத்தை மாற்று, கரையை மாற்று, இன்னொரு மாதிரி காட்டு என்று சொன்னது கந்தோர். வெட்டிய துண்டு விழுந்தது அவள் கூடையில். பெயர் ஏறியது அவளுடையது.

நான் மனேஜரிடம் போய் இதை விளக்கினேன். அவர் கேட்டார், கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "மிஸ், எக்ஸ்கியூஸ் எல்லாருக்கும் இருக்கும். சிஸ்டம் எண்டா ஒருத்தருக்காக மாத்தேலாது. பாருங்கோ, மொத்தக் கழிவு குறைஞ்சுகொண்டு வருது."

குறைந்துகொண்டுதான் வந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வந்த நூல் அதேயளவு மோசம். அறுந்தது அதேயளவு. கூடைகள் மட்டும் எப்படி இலேசாகின?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டீன் பூசைக்குப் போயிருக்கிறாள். அவளுடைய தாய்வீட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில். பங்கிலுள்ள பெண்கள் சிலர் அந்தக் கிழமை எங்கள் சாலைக்கு வந்து திருவிழாவுக்குத் துணி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வாசலில் பலகையைப் பார்க்காமல் படியேற முடியாது. பூசை முடிந்ததும் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள், "என்ன கிறிஸ்டீன், நூல் விலையேறினதுக்கு நீதான் காரணமாமே?" திங்கட்கிழமை வந்து இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. பாவில் அறுந்த இழையை முடிச்சுப் போட்டபடியே சொன்னாள். "சின்னனில இருந்து போற கோயில் மிஸ். இனி வத்தளையிலயே பூசைக்குப் போறன்."

அன்றே நான் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன். பலகையைக் கழற்றச் சொல்லுங்கள் என்று மேடத்திடம் கேட்டேன். அவர் எனக்குத் தேத்தண்ணீர் தந்தார். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். "பிள்ளை படிச்சுப்போட்டு வந்து ஏதோ செய்து பாக்கிறான். கொஞ்சநாள் விட்டுப் பாப்பம். நீங்கள்தான் அவளுக்கு ஆறுதல் சொல்லோணும்" என்றார். பலகையில் பெயர் எழுதியது ஒருவர், ஆறுதல் சொல்லவேண்டியது இன்னொருவர். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒருநாள் இந்த வேலையைத் தருவார்கள். ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். திரும்பத் திரும்பப் போய் அந்தப் பலகையைப் பற்றியே கேளுங்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்பதை நிறுத்தாமல் இருப்பது மட்டும்தான் அப்போது என் கையில் இருந்தது.

பிறகு மழை தொடங்கியது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் மழைத்தண்ணீர் நிற்பது புதிதல்ல. ஆனால் அந்த முறை தண்ணீர் எங்கள் கழிவறைக்குள்ளிருந்து வெளியே வந்தது. குழாய் திருத்துபவர் வந்து கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். நூல் வந்தது. சிவப்பு, மஞ்சள், கருநீலம் எல்லாம் ஒன்றோடொன்று முறுகி, கயிறு கயிறாக. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. சாயத்தொட்டிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மேல்மாடிப் பெண்கள் ஒருவரும் கீழே இறங்கவில்லை. குறைந்த கழிவு எங்கே போயிருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த இடத்தில் நின்றாவது மனேஜருக்கு விளங்கியிருக்க வேண்டாமா? தாங்கள் வெட்டிய துண்டைக் கழிவறைக்குள் ஒளிக்கும் அளவுக்கு அந்தப் பெண்களைப் பயப்படுத்தியது எது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? அவர் வேறுவிதமாக யோசித்தார். கழிவறைக்குள் போட்டவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோவார்கள் என்று முடிவெடுத்தார். அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து போகும்போது பெண்களின் பைகளைச் சோதிக்க வேண்டும், நான் வாசலில் காவலாளியோடு நிற்க வேண்டும் என்றார்.

"நிக்கமாட்டன்" என்றேன்.

"மிஸ், இது இன்ஸ்ட்ரக்ஷன்."

"விளங்குது. நான் இந்த ஆக்களுக்கு வேலை பழக்கினவள். அவையிட சாப்பாட்டுப் பெட்டியத் திறந்து பாக்க என்னால ஏலாது. சோதிக்கத்தான் வேணுமெண்டா என்ட பையில தொடங்குங்க. உங்கட பையும் அந்த மேசையில வரவேணும்."

அவர் சிரித்தார். என் பையைச் சோதிக்கவும் இல்லை, தன்னுடையதை வைக்கவும் இல்லை. காவலாளியை மட்டும் நிறுத்தினார். அந்த மனிதர் வயதானவர், சிங்களவர். எங்கள் பெண்கள் அவரை அய்யே, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வந்தால் அவருக்கும் தின்ன ஒரு பணிஸ் கொடுத்துவிட்டுத்தான் படியேறுவார்கள். என்னைக் கண்டதும், "மிஸ், மம மேக்க கரன்ன கெமதி நே" என்றார். தனக்கு இதைச் செய்ய விருப்பமில்லையாம். விருப்பமில்லாத ஒருவரைக்கொண்டு விருப்பமில்லாதவர்களின் பைகளைத் திறக்க வைத்தார்கள். மேலே தன் கண்ணாடி அறையில் இருந்த மனேஜர் கீழே இறங்கி வரவேண்டியிருக்கவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாதது இதுதான்.

ஒரு நாள் பின்னேரம் கிறிஸ்டீனின் பையில் கருநீல நூல் இருந்தது. ஒரு பொலித்தீன் பையில் சுருட்டி, குடைக்கு அடியில். காவலாளி அதைக் கண்டுவிட்டுக் காணாதமாதிரி மூடப்போனார். ஆனால் அன்று மனேஜர் படியில் நின்றார். அவரே வந்து எடுத்தார்.

"இது என்ன?"

"என்ட தறியிட கடைசித் துண்டு சேர். கூடைக்குள்ள போட்டா பேர் மேல போகும். டொய்லட்டுக்குள்ள போட எனக்கு மனமில்ல. அதான் வீட்ட கொண்டுபோய் எறிவம் எண்டு."

"கொம்பனிச் சாமானை வீட்ட கொண்டுபோறதுக்கு என்ன பேர் தெரியுமா?"

வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே போனேன். இது களவல்ல, ஒரு முழ நீளத் துண்டுகளால் எந்தத் துணியும் நெய்ய முடியாது, கூடையில் விழவேண்டியது பையில் இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கிறிஸ்டீன் குடையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"கள்ளியெண்டு மட்டும் எழுதாதீங்க சேர். வீணாக்கிறவளெண்டு எழுதினதே போதும்."

மழையில் இறங்கிப் போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. வரவேண்டாம் என்று அதற்குள் அவர் அழைப்பெடுத்துச் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் நாங்கள் தெற்குக் கரையோர ஹோட்டல் ஒன்றுக்குக் கருநீலத் துணி நெய்துகொண்டிருந்தோம். கட்டில்களுக்குக் குறுக்கே விரிக்கும் நீளத் துணிகளும், தலையணை உறைகளும். அந்த வருடம் எங்களைத் தூக்கி நிறுத்தக்கூடிய ஒரே ஓடர் அதுதான். கிறிஸ்டீன் இல்லாமலே வேலை நடந்தது. துணி சோதிக்கும் மேசைக்கு வந்த சுருள்களை நான் விரித்துப் பார்த்தேன். பெண்கள் எதையும் எறிந்திருக்கவில்லை. இழுத்தால் அறுந்துபோகும் நூலை, வெட்டி எறியாமல் அப்படியே சேர்த்து நெய்திருந்தார்கள். ஒரு சாயத்தில் மிஞ்சிய கொஞ்சத்தையும் இன்னொரு சாயத்தில் மிஞ்சிய கொஞ்சத்தையும் குறுக்கு நூலாகக் கலந்து விட்டிருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துணியில் பட்டை பட்டையாக நிறம் மாறியது. முடிச்சுகள் சொரசொரவென்று கையில் தட்டின.

அவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு, "இது தெரியாமலா நெய்தனீ?" என்று கேட்டேன்.

"தெரியும் மிஸ்" என்றாள். "நல்ல துணி நெய்தா ஒருத்தரும் பேர் எழுதேல்லையே."

கூடையில் விழுவதைத்தான் நிறுத்தார்கள். துணியில் விழுந்ததை யாரும் நிறுக்கவில்லை. ஆகவே கழிவெல்லாம் கூடையிலிருந்து துணிக்குள் போய்விட்டது. கைப்பிடி நூல் வீணாவதைத் தடுக்கப் போய், சுருள் சுருளாகத் துணியை வீணாக்கியிருந்தோம். நான் பழுதான இடங்களிலெல்லாம் சோக்கால் குறி போட்டு, சுருள்களை ஒதுக்கிவைத்து, அனுப்பக்கூடாது என்று மனேஜரிடம் சொன்னேன். தவணை வந்துவிட்டது, ஹோட்டலில் யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கமாட்டார்கள் என்று அவர் அனுப்பிவைத்தார். சோக் குறிகளைத் துடைக்கச் சொன்னதும் அவர்தான். நான் துடைக்கவில்லை. வேறு யாரோ துடைத்தார்கள்.

துணி, கொண்டுபோன அதே வாகனத்தில் திரும்பி வந்தது. முழுவதும்.

ஹோட்டலில் துணி எடுக்கும் அம்மணி வெள்ளவத்தைக் கடைக்கு அழைப்பெடுத்து மேடத்தோடு என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. மேடம் என்னை வரச்சொன்னார். கடையின் நீளக் கண்ணாடி மேசையில் சுருள்களை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். மனேஜரும் இருந்தார். நெசவுகாரிகளின் கவலையீனம் என்று அவர் சொல்லத் தொடங்கினார். மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கேட்டார், "இப்ப என்ன செய்யலாம்? அதை மட்டும் சொல்லுங்கோ."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த நேரம் எனக்கு வாய்நிறையக் கோபம் இருந்தது. எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம். கொட்டியிருந்தால் ஓடர் போயிருக்கும். களஞ்சியத்தில் கருநீலம் சாயமிட்ட நல்ல நூல் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. இனி வருமா என்று யாருக்கும் தெரியாது. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நூலைப் பற்றி மட்டும் யோசித்தேன்.

திரும்பி வந்த துணியில் நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. நீளத் துணிக்கு அவை போதாது. தலையணை உறைக்குப் போதும். ஆகவே உறைகளை அதிலிருந்தே வெட்டலாம், நீளத் துணிகளை மட்டும் புதிதாக நெய்தால் சரி. வேகமாக முடிக்க மூன்று தறிகளில் போடலாம் என்றார் மனேஜர். மேடமும் அதைத்தான் விரும்பினார். நான் மாட்டேன் என்றேன். மூன்று தறி என்றால் மூன்று பாவு, மூன்று கடைசித் துண்டு. மிஞ்சிய நூலில் அதற்கு இடமில்லை. ஒரே தறி, ஒரே நீளப் பாவு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஆள். கை மாறினால் அடிக்கும் வேகம் மாறும், துணி காட்டிக்கொடுத்துவிடும். நாள் கூடப் போகும்தான். அந்த நாட்களை ஹோட்டல் அம்மணியிடம் நானே கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். அந்த அம்மணி கோபமாக இருந்தார், ஆனால் நேர்மையானவர். பிறகு நான் நடந்ததை மறைக்காமல் சொன்னபோது நாள் தந்தார்.

"அந்த ஒரு ஆள் ஆர்?" என்று மேடம் கேட்டார்.

"நீங்க அனுப்பிவிட்டீங்களே, அவதான்."

மேடம் தன் பெறாமகனைப் பார்த்தார். அவர் கண்ணாடி மேசையைப் பார்த்தார். "போய்க் கூட்டிவாங்கோ, அந்தப் போர்டும் இனி வேண்டாம்" என்றார் மேடம்.

நான் வத்தளைக்குப் போனேன். கிறிஸ்டீன் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டாள், இருக்கச் சொன்னாள், எதிரே வந்து இருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். பலகையைக் கழற்றிவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

"போர்டக் கழட்டினா முடிஞ்சுதா மிஸ்?" என்று கேட்டாள். "என்ட பைய வரிசையில நிண்ட எல்லாரும் பாத்தவை. அவை எல்லாருக்கும் முன்னால ஒராள் வாயத் திறந்து சொல்லோணும், நான் களவெடுக்கேல்ல எண்டு. காதுக்குள்ள சொல்ல வேண்டாம்."

"சொல்ல வைக்கிறன்" என்றேன்.

"நீங்க சொல்லக்கூடாது மிஸ். நீங்க சொன்னா அது எனக்குப் பரிஞ்சு கதைக்கிறதெண்டு போயிரும்."

அவள் சொன்னது சரி. வெள்ளவத்தைக்குப் போய் அப்படியே சொன்னேன். மனேஜர் மறுத்துவிட்டார். தன் அதிகாரம் போய்விடும் என்றார். ஒரு பெண்ணின் பெயரைப் பறித்தபோது இல்லாத கவலை, தன் அதிகாரத்தைப் பற்றி வந்தபோது வந்தது. மேடம் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்கோ போவம்" என்றார்.

அவருக்கு முழங்காலில் வருத்தம். கொட்டாஞ்சேனை மேல்மாடிப் படிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து ஏறினார். தறிகள் எல்லாம் நின்றன. நான் அழைப்பெடுத்து வரச்சொன்ன கிறிஸ்டீன் வாசலருகே குடையும் பையுமாக நின்றாள். மேடம் மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கிறிஸ்டீன் ஒரு சாமானும் களவெடுக்கேல்ல. அவவைக் கள்ளியெண்டு நினைக்க வைச்சது எங்கட பிழை. பேர் எழுதினதும் எங்கட பிழை. நான் இங்க வந்து பாக்காததும் பிழை. எல்லாரிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன்."

பிறகு அவரே பலகையைக் கழற்றினார். கொக்கியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. காவலாளி அய்யே ஓடிவந்து கழற்றிக் கொடுத்தார்.

கிறிஸ்டீன் பையை வைத்துவிட்டுத் தறியில் போய் அமர்ந்தாள். அந்த நீளப் பாவை அவள் நெய்து முடித்ததைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். நூல் போதுமா போதாதா என்று ஆளாளுக்கு வந்து பாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். போதுமானதாக இருந்தது. வெட்டிய கடைசித் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அது ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. அவ்வளவு கிட்டத்துக்கு நெய்திருந்தாள். ஹோட்டல் அம்மணி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கழிவு உண்மையிலேயே குறைந்தது. எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். கந்தோரில்தான் குறைத்தோம். ஒரே நிறத்து ஓடர்களைச் சேர்த்து ஒரே பாவாகப் போட்டோம். மாதிரி கேட்பவர்களுக்குப் புதிதாக நெய்யாமல், ஓடிக்கொண்டிருக்கும் பாவின் நுனியிலேயே நெய்து காட்டினோம். கூடைகள் இருந்தன. ஆனால் அவற்றை நிறுக்கவில்லை, கிளறிப் பார்த்தோம். அறுந்த நூலா, வெட்டிய துண்டா, சிக்கலா என்று பார்த்தால் எங்கே பிழை என்று கூடையே சொல்லும். யார் பிழை என்று அது சொல்லாது. அதைச் சொல்லும்படி கேட்டதுதான் எங்கள் சாலையில் நடந்த அநியாயம்.

மனேஜருக்கு என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் நடக்கவில்லை. வேறு பெரிய இடத்தில் வேலை கிடைத்துப் போனார். எங்கள் சாலையில் கழிவைக் குறைத்த அனுபவத்தைப் பற்றி மேடையில் பேசுகிறார் என்று கேள்வி. நான் இதை எழுத அதுவும் ஒரு காரணம்.

ஆனால் என் கோபத்தின் அடி அதுவல்ல. கிறிஸ்டீன் திரும்பி வந்தாள் என்றேன். அவளுடைய வாய் திரும்பி வரவில்லை. கொடுத்த நூலை வாங்குவாள். அறுந்தால் முடிச்சுப் போடுவாள். எழுந்து வந்து ஒரு சொல் சொல்லமாட்டாள். முன்பு அவள் போட்ட சத்தத்தில் எத்தனை மோசமான நூலை நாங்கள் சாயத்துக்குப் போகமுன்னரே திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்பது அவள் பேசாமல் இருந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு நல்ல நெசவுகாரி வாயை மூடிக்கொண்டு மோசமான நூலை நெய்வதைவிடப் பெரிய கழிவு இந்தத் தொழிலில் இல்லை. அதை நிறுக்க உங்களிடம் தராசு இல்லை.

மாதங்கள் போயின. நான் ஓய்வுபெற இருந்த வருடம் அது. ஒரு காலை நான் கந்தோர் மேசையில் சாய நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்மாடியில் ஒரு தறியின் சத்தம் நின்றது. யாரோ படியில் இறங்கிவரும் சத்தம் கேட்டது. கிறிஸ்டீன் வந்து என் முன்னால் ஒரு நூற்கழியைத் தூக்கிப் போட்டாள்.

"என்ன நூல் மிஸ் இது, குப்பை. மனுசர் நெய்யிறதா? திருப்பி அனுப்புங்க."

எல்லோருக்கும் கேட்டது. நான் அதை எடுத்து இழுத்துப் பார்த்தேன், அறுந்தது. அன்று பகலுக்குள் வந்த நூல் முழுவதையும் திருப்பி அனுப்பினேன்.